பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: குற்றம் சொல்லும் சொற்களின் பிறப்பும் பொருளும்

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்பது பழமொழி. செய்தது ஒருவர், பேச்சு வாங்குவது இன்னொருவர். பழியைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது. நடந்த செயல் ஒன்று, அதைப் பற்றி ஊர் பேசுவது வேறொன்று. தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவசரத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகு மூன்று நாள் தொழிலுக்குப் போகிறது. ஐஸ் போதவில்லை. கரைக்கு வரும்போது பாதி மீன் நைந்துவிட்டது. ஏலத்தில் விலை போகவில்லை. இங்கே ஐஸ் போதாமல் போனது குறை. எவ்வளவு ஐஸ் தேவைப்படும் என்று கணக்குப் போட்டவர் செய்தது தவறு. பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று தெரிந்தே ஐஸைக் குறைத்து ஏற்றியிருந்தால் அது குற்றம். மீன் நைந்ததற்குக் காரணம் வெயிலும் ஐஸ் உருகியதும். இதில் எதையும் விசாரிக்காமல் உரிமையாளர் படகோட்டியைப் பார்த்து, “எல்லாம் உன்னாலதான்” என்றால் அவர் மேல் விழுவது பழி. நிகழ்ச்சி ஒன்றுதான், சொற்கள் ஐந்து. முதல் நான்கும் படகிலும் ஆட்களிடத்திலும் இருப்பவை. பழி மட்டும் பேச்சில் பிறப்பது. யாரும் வாயைத் திறக்காவிட்டால் குறை இருக்கும், குற்றம் இருக்கும், பழி இருக்காது.

பழிப்பது யார்?

இந்த வேறுபாடு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. ‘தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்’ என்ற குறளில் (433) இரண்டு சொல்லும் அருகருகே நிற்கின்றன. குற்றம் தம்மிடம் வருவது, பழி நாணத்தக்கது. தம்மிடம் உள்ளதை அளக்கத் தினையும் பனையும் வருகின்றன. பழிக்கு அளவு சொல்லவில்லை, ஏனென்றால் அது பிறர் கையில் இருக்கிறது. ‘உலகம் பழித்தது ஒழித்து விடின்’ என்ற இன்னொரு குறளில் (280) எழுவாயாகவே உலகம் வந்துவிடுகிறது. புறநானூற்றின் 182ஆம் பாட்டு, புகழென்றால் உயிரையும் கொடுப்பார்கள், பழியென்றால் உலகத்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் கொள்ளமாட்டார்கள் என்கிறது. பழிக்கு எதிர்ச்சொல்லாக அங்கே நிற்பது நன்மை அல்ல, புகழ். இரண்டுமே ஊர்வாயில் உள்ளவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐரோப்பாவிலும் இதே ஜோடி வரும்.

ஒரு சொல்லின் இயல்பை அறிய அகராதிப் பொருளைவிட, அது எந்த வினைகளோடு சேர்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. பழியைப் போடுகிறோம், சுமத்துகிறோம், தூக்கித் தலையில் வைக்கிறோம், ஏற்கிறோம். இவையெல்லாம் சுமைக்கு உரிய வினைகள். பழி வந்து சேர்கிறது, விழுகிறது, துடைக்கப்படுகிறது. இன்னொரு பக்கம் பழி வாங்குகிறோம், பழி தீர்க்கிறோம். இங்கே பொருள் புரண்டுவிடுகிறது. பழி ஏற்றவன் பேச்சு வாங்கியவன். பழி வாங்கியவனோ திருப்பி அடித்தவன். வாங்குவது, தீர்ப்பது என்ற வினைகள் கடனுக்கும் கணக்குக்கும் உரியவை. ஒருவர் எனக்குச் செய்த தீங்கு அவர் எனக்குத் தரவேண்டிய பாக்கி, அதை வசூலித்துவிட்டேன் என்பதுதான் உள்ளே இருக்கும் படம். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் அதிகம் தடுமாறும் இடம் இது. ‘பழியை வாங்கிக்கொண்டேன்’ என்று எழுதி, தவற்றை ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்வார்கள். பழியை ஏற்றுக்கொண்டேன் என்பதே சரி.

‘வேலை கேட்டு அவர் வீட்டு வாசலில் பழியாய்க் கிடந்தான்’ என்று சொல்வதும் உண்டு. நகரவே மாட்டேன் என்று பிடிவாதமாகக் கிடப்பது. எனக்கு ஏதாவது ஆனால் அந்தப் பேச்சு உன்னைத்தான் சேரும் என்ற நெருக்கடி அந்தக் கிடையில் இருக்கிறது.

பழி தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை. மலையாளத்தில் அதே பழி, அதே பொருள். அங்கே ‘பழி சாருக’ என்றால் பழி சுமத்துவது. கன்னடத்தில் அது ஹளி ஆகிவிட்டது. பார்வைக்கு வேறு சொல்லாகத் தெரியும். ஆனால் நம் சொல்லின் தொடக்கத்தில் உள்ள ப கன்னடத்தில் ஹ ஆவது வழக்கம்: புலி ஹுலி, பால் ஹாலு, பல் ஹல்லு. நம் ழ அங்கே ள ஆகும்: மழை மளெ, ஏழு ஏளு. இரண்டு விதியையும் பழியின் மேல் வைத்தால் ஹளி தானாக வந்து நிற்கிறது. பழைய கன்னடத்தில் அது பகரத்தோடும் ழகரத்தோடும் பழி என்றே இருந்தது. இப்படி ஒலி விதி பொருந்தினால்தான் இரண்டு சொற்களை உறவு என்று சொல்லலாம். பொருள் ஒத்திருக்கிறது என்பது மட்டும் போதாது.

கடலூரில் பிளேம், புதுச்சேரியில் பிளாம்

ஆங்கிலேயர் 1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1674இல், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஊன்றிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே 20 கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஆங்கிலத்தின் பிளேம், இங்கே பிரெஞ்சின் பிளாம், இரண்டும் குறை சொல்வதுதான். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நாட்டாரும் ஒருவரை ஒருவர் குறை சொல்ல வைத்திருந்தது ஒரே சொல்.

அதன் பயணம் கிரேக்கத்தில் தொடங்குகிறது. பிளாஸ்ஃபேமெயின் என்றால் தீச்சொல் சொல்வது, குறிப்பாகத் தெய்வத்தைப் பற்றி. கிறிஸ்தவ சமயத்தோடு அது லத்தீனுக்குள் வந்து பிளாஸ்ஃபேமாரே ஆனது. படித்தவர்கள் அப்படியே உச்சரித்தார்கள். சந்தையிலும் வயலிலும் பேசியவர்கள் வாயில் அது பிளாஸ்தேமாரே என்று உருண்டது. பழைய பிரெஞ்சில் இன்னும் தேய்ந்து பிளாஸ்மர். அங்கிருந்து சுமார் 1200 வாக்கில் ஆங்கிலத்துக்குப் போய் பிளேம் ஆயிற்று. பிரெஞ்சிலேயே தங்கியது ஸகரத்தை இழந்து பிளாமே என்ற வினையும் பிளாம் என்ற பெயரும் ஆயிற்று. இன்று பிரெஞ்சு எழுத்தில் அதன் ஆ மேல் ஒரு கூரைக்குறி இருக்கும். அங்கே ஒரு ஸகரம் இருந்து மறைந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள, மேரி எனப்படும் நகராட்சிக் கட்டடத்தின் மறுபெயரான ஓத்தெல் தெ வில் என்பதிலும் ஓகாரத்தின் மேல் இதே குறி. மறைந்த ஸகரம் ஆங்கில ஹாஸ்டலில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சு படிப்பவர்கள் இந்தக் குறியைக் கண்டதும் உள்ளே ஒரு ஸகரத்தைப் போட்டுப் பார்த்தால், பாதிக்குப் பாதி ஆங்கிலச் சொல் ஒன்று கண்ணில் படும்.

பிறகு ஆங்கிலம் அதே கிரேக்கச் சொல்லை மறுபடியும், இந்தத் தடவை தேவாலய வழியில், பிளாஸ்ஃபெமி என்று வாங்கிக்கொண்டது. அதாவது தமிழ் விவிலியத்தில் தேவதூஷணம் என்று இருப்பது. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் ஒரு மொழிக்குள்: ஒன்று தெய்வத்தை இகழ்வது, மற்றது பக்கத்து வீட்டாரைக் குறை சொல்வது.

பிளாஸ்ஃபேமெயின் என்பதன் பின்பாதி ஃபேமே, அதாவது பேச்சு. லத்தீனின் ஃபாமா அதற்கு உறவு. ஊர்ப்பேச்சைக் குறித்த அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் புகழைக் குறிக்கும் ஃபேம் ஆனது. ஆக பிளேமும் ஃபேமும் வேரடியில் சொந்தக்காரர்கள். புறநானூற்றுப் புலவர் புகழையும் பழியையும் ஒரே தட்டில் வைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், பழியை வாயில் பிறந்த பண்டமாகவே பார்த்திருக்கின்றன.

அதே பிளாஸ்தேமாரே ஸ்பெயினுக்குப் போனபோது நடந்தது இன்னும் வியப்பு. அங்கே அது லஸ்திமார் ஆயிற்று, பொருள் காயப்படுத்துதல். சொல்லால் காயப்படுத்துவது உடலைக் காயப்படுத்துவதாக விரிந்துவிட்டது. அதிலிருந்து லஸ்திமா என்ற பெயர்ச்சொல்: இரக்கம், பரிதாபம். ஸ்பானியர் ‘கே லஸ்திமா!’ என்றால் நம் வாயில் அது ‘ஐயோ, பாவம்!’ நாமும் அதையேதான் செய்திருக்கிறோம். பாவம் என்பது வடமொழியில் தீவினை. தமிழில் அடிபட்டவரைப் பார்த்துச் சொல்லும் இரக்கச் சொல்லும் ஆகிவிட்டது. கண்டனத்தில் தொடங்கிய சொல் கண்ணீரில் வந்து முடிவது இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது. பழிச்சொற்களின் வரலாற்றில் இதைவிட அழகான இடம் இல்லை.

பாவத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. லத்தீன் பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு ‘மேயா குல்பா, மேயா குல்பா’ என்பார்கள். குல்பா என்றால் பழிக்கு இடமான தவறு. புதுச்சேரிக் கோயில்களில் தமிழ்ப் பூசையில் அந்த இடத்தில் ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று கேட்கலாம். ‘என் பழியே’ என்று யாரும் சொல்வதில்லை. பழி பிறர் தருவது. தன் வாயால் தான் ஒப்புக்கொள்வதற்கு அது பொருந்தாது என்று மொழிபெயர்த்தவர்களின் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

பிரெஞ்சு படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆங்கிலம் தெரிந்து பிரெஞ்சு படிக்கிறவர்கள் ‘என்னைக் குறை சொல்லாதே’ என்பதற்கு உடனே பிளாமே என்ற வினையை எடுப்பார்கள். புரியும், ஆனால் கனம் கூடிவிடும். பிரெஞ்சில் அது கண்டனம். பிரான்சின் பள்ளி விதிகளில் பிளாம் என்பது தண்டனை வரிசையில் இரண்டாவது: முதலில் எச்சரிக்கை, அடுத்து பிளாம், அதற்கும் மேலே போனால் வகுப்பிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலக்கி வைப்பது. அரசு ஊழியர்களுக்கும் அது எழுத்தில் வரும் ஒழுங்கு நடவடிக்கை. வீட்டில் தட்டு உடைந்ததற்கு அந்தச் சொல்லை எடுப்பது, சாம்பாரில் உப்பு கூடியதற்கு மெமோ கொடுப்பதுபோல் இருக்கும். அன்றாடப் பேச்சுக்கு ஃபோத் என்ற சொல்லே போதும். ‘ஸ நெ பா மா ஃபோத்’: என் மேல் தப்பில்லை. ஒருவர் மேல் ஒன்றைக் குறையாகச் சொல்ல ரெப்ரோஷே. அதில் குறை நேர்ச்செயப்படுபொருளாக வரும், ஆளுக்கு ‘அ’ என்ற முன்னிடை சேரும். ஆளை நேராகப் போட்டுவிட்டு முழிப்பது தொடக்கக்காரர்களின் வழக்கமான பிழை.

இந்த ஃபோத் நம் குறைக்குச் சரியான ஜோடி. லத்தீன் ஃபல்லெரே என்றால் ஏமாற்றுவது, கைவிடுவது. அதிலிருந்து ‘இல்லாமல் போனது’ என்ற பொருளில் ஒரு சொல் கிளைத்து, பிரெஞ்சில் ஃபோத், ஆங்கிலத்தில் ஃபால்ட். ‘ஃபோத் தெ தாம்’ என்றால் நேரத்தின் தப்பு அல்ல, நேரம் இல்லாததால் என்று பொருள். பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதமே வரும் ‘இல் ஃபோ’, அதாவது ‘வேண்டும்’, இதே வேர்தான். இல்லாதது வேண்டியிருக்கிறது அல்லவா? தமிழில் குறு என்பது சிறுமை. அதிலிருந்து குறைதல், குறை. குற்றத்தையும் இந்தக் குடும்பத்தில் வைப்பதே பொருத்தம். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடப்பது குறைதீர்க்கும் நாள். அங்கே தெருவிளக்கு இல்லை, பட்டா வரவில்லை என்று மனு எழுதுபவர் ‘குறை’ என்று எழுதினால் இல்லாததைக் கேட்கிறார். ஓர் அலுவலர் மேல் ‘குற்றம்’ என்று எழுதினால், ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பு தன் தலையில் வந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்ற வேறுபாடும் இப்படித்தான். தீர்ப்பு வரும்வரை முதல் சொல் மட்டுமே நியாயம்.

தப்பியதும் தப்பு, பிழைத்ததும் பிழை

குறி தப்பியது என்றால் பிழை. உயிர் தப்பியது என்றால் நல்ல சேதி. ஒரே வினை எப்படி இரண்டு பக்கமும் போகிறது? தப்பு என்பதன் அடிப்பொருள் ‘பட வேண்டிய இடத்தில் படாமல் போவது’. அம்பு எய்தவர் பக்கம் நின்றால் அது தவறு, மான் பக்கம் நின்றால் உயிர். பிழையும் அப்படியே: சொற்பிழை ஒரு பக்கம், உயிர் பிழைத்தான் மறுபக்கம். உயிரோடு இருப்பதற்கான வழி பிழைப்பு. தவறு என்பதிலும் கால் தவறுவது, வாய்ப்புத் தவறுவது, பெரியவர் தவறிப்போவது என மூன்று கிளை. தெலுங்கிலும் கன்னடத்திலும் தப்பு இதே இரண்டு பொருளோடு வழங்குகிறது. கிரேக்கத்தில் ஹமார்த்தியா என்ற சொல் புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும். அதற்குப் பல நூற்றாண்டு முன்பு ஹோமரின் போர்க்களத்தில் அதன் வினைச்சொல் எறிந்த ஈட்டி ஆள் மேல் படாமல் போனதைக் குறித்தது.

காரணத்திலிருந்து பிறந்த பழிச்சொற்களும் உண்டு. கிரேக்கத்தின் ஐத்தியா ஒரே நேரத்தில் காரணமும் குற்றச்சாட்டும். ஜிப்மரில் மருத்துவம் படிப்பவர்கள் நோய்க்காரணத்துக்குச் சொல்லும் ஈட்டியாலஜி அதன் வழி வந்தது. ஆங்கிலத்தின் அக்யூஸ், லத்தீனின் காவ்ஸா என்ற காரணச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் ‘எல்லாத்துக்கும் நீதான் காரணம்’ என்று சண்டையில் சொல்கிறோமே தவிர, தத்துவ விளக்கமாகச் சொல்வதில்லை. கடனோடு ஒட்டிய பழிச்சொற்களும் உண்டு. ஜெர்மனில் ஷுல்ட் என்றால் குற்றமும் கடனும். சீனத்தில் கடிந்துகொள்வதைக் குறிக்கும் எழுத்தின் கீழ்ப்பாதியில் இருப்பது, பழங்காலத்தில் காசாகப் புழங்கிய சோழி. கடலூர்ப் பக்கச் சீர்திருத்த சபைகளில் வாசிக்கும் தமிழ் விவிலியத்தில் மத்தேயு 6:12 ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று இருப்பதும் இதே எண்ணம்தான். அங்கே கேட்பது வட்டித் தள்ளுபடி அல்ல.

வேர் தேடும்போது வழுக்கும் இடங்கள்

முதல் வழுக்கல், ஒலி ஒத்த சொற்களை உறவாக்குவது. காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரும் பூம்புகாரும் எழுத்தில் ஒன்றே. காவிரி கடலில் புகும் இடம் என்று விளக்கப்படும் புகார் தமிழ். புகார் மனுவோ இந்துஸ்தானியின் புகார், அதாவது கூவி அழைப்பது. நீதிமன்றப் பிராதும் பாரசீகத்தின் ஃபர்யாத் என்ற முறையீட்டுக் கூக்குரலிலிருந்து வந்தது. பழமொழிக்கும் பழிக்கும் உறவில்லை, அது பழமை. பழைய தமிழில் பழிச்சுதல் என்றொரு வினை உண்டு. அதற்குப் பொருள் போற்றுதல், வணங்குதல். பழைய பாட்டில் ‘பழிச்சி’ என்று கண்டால் திட்டியதாக உரை சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது, ழகரம். பேச்சில் ழ தேய்வதால் எழுத்தில் பழியும் பலியும் இடம் மாறுகின்றன. பலி வடமொழிச் சொல், தெய்வத்துக்குப் படைப்பது. விபத்து உயிரைப் பலி வாங்குகிறது, பகைவன் பழி வாங்குகிறான். பிறர் குற்றத்துக்குத் தண்டனை பெறுபவரைப் பலிகடா என்கிறோம். அந்த எண்ணம் விவிலியத்தின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. அங்கே ஆடுகள் இரண்டு. ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் மக்களின் அக்கிரமங்களை எல்லாம் சுமத்தி, உயிரோடு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். பழி சுமந்தது இரண்டாவது ஆடுதான், அது பலியாகவில்லை. தமிழ் விவிலியம் அதற்கு வைத்த பெயர் போக்காடு.

மூன்றாவது, இன்றைய பொருளை அப்படியே பழைய நூலுக்குள் கொண்டுபோவது. இதற்கு மருந்து வரிசை மாறாமல் தேடுவது. முதலில் சொல் வரும் மிகப் பழைய இடத்தைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மேற்கோளோடு தரும். அடுத்து மலையாளம், கன்னடம், தெலுங்கில் உறவுச் சொல் உண்டா என்று பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் பாருங்கள். 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு நல்லது. உறவு கிடைத்தால் ப-ஹ, ழ-ள போன்ற ஒலி விதிகளை ஓட்டிப் பாருங்கள். கடைசியாகத்தான் பொருள். இரண்டு அகராதியும் இணையத்தில் இலவசம். புத்தகமாகப் புரட்ட வேண்டுமென்றால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.